உருண்டு போன விமானம்

எங்கள் ஊரில் விமானத்தைக் குதிரை இழுத்தது. சிரிக்க வேண்டாம். அந்தக் குதிரைகள் என்னுடையவை.

அமெரிக்காவில், வடக்கு டகோட்டாவின் கடைசி வயல்கள் எங்களுடையவை. வேலிக்கு அந்தப் பக்கம் கனடா. நடுவில் ஒரு வாய்க்கால், தூரத்துக்கு ஒன்றாக நட்ட இரும்புக் கம்பம், சாலையில் எங்கள் சுங்க அதிகாரி க்ரோகன் உட்கார்ந்திருக்கும் சாவடி. எல்லை என்பது அவ்வளவுதான். எங்கள் மாடுகளுக்கு அது தெரியாது, மாதத்தில் இரண்டு முறை கனடாவில் மேய்ந்துவிட்டு வரும்.

1940 வசந்தத்தில் கனடா ஜெர்மனியோடு சண்டையில் இறங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்று வாஷிங்டனில் சட்டமே போட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தின் அழகைக் கேளுங்கள். சண்டை போடுகிற நாட்டுக்கு விமானம் விற்கலாம். ஆனால் நம் ஆள் அதைப் பறக்கவிட்டு எல்லை தாண்டக் கூடாது. அதனால் எல்லை வரைக்கும் பறந்து வந்து, பக்கத்துப் பண்ணைக்கார ஹால்வரின் வயலில் இறங்கி, இன்ஜினை அணைத்துவிடுவார்கள். பிறகு அதைத் தரையோடு தரையாக அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். அங்கே அவர்கள் ஆள் ஏறி ஓட்டிக்கொண்டு போவான். பறந்து போனால் போர், உருண்டு போனால் வியாபாரம்! இதை எழுதின ஆளிடம் நான் என் பன்றிகளைக்கூட மேய்க்கக் கொடுக்க மாட்டேன்.

குளிர்காலம் முழுவதும் ஹால்வர் தன் டிராக்டரால் இழுத்தான். தரை இறுகிக் கிடந்ததால் வேலை சுலபமாக நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் என் புருஷன் தோர்கில்.

தோர்கில் 1918-ல் பிரான்சுக்குச் சண்டைக்குப் போய் வந்தவன். எங்கள் சர்ச்சிலிருந்து ஐந்து பேர் போய் இரண்டு பேர் திரும்பினார்கள். அதனால் போர் என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு ஆகாது, அதில் நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். நான் குறை சொல்வது அந்த நூலை.

அடுக்களைச் சுவரில் விதைக் கடைக்காரன் கொடுத்த உலகப் படம் ஒன்று உண்டு. ஜப்பான்காரன் மஞ்சூரியாவுக்குள் புகுந்தான் என்று வானொலியில் சொன்ன அன்று, தோர்கில் என் நீலக் கம்பளி நூலை எடுத்து, எங்கள் ஊருக்கும் மஞ்சூரியாவுக்கும் நடுவே பிடித்து அளந்தான். “ரொம்ப தூரம், சிக்னே. காபி ஊத்து” என்றான். இத்தாலிக்காரன் அபிசீனியாவில் விஷப்புகை போட்ட அன்றும் அளந்தான். ஆஸ்திரியாவுக்கு அளந்தான். செக் நாட்டுக்கு அளந்தான். ஒவ்வொரு தடவையும் தூரம்தான், ஒவ்வொரு தடவையும் காபிதான். இவன் மட்டும் இல்லை. இங்கிலாந்துக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அவரவர் நூலைப் பிடித்து அளந்துதான் செக் நாட்டை ஜெர்மன்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். தெருவில் திருடன் ஒவ்வொரு வீடாகப் புகுகிறான், மற்றவர்கள் எல்லாம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ‘நம்ம வீடு இல்லை’ என்கிறார்கள். இதைவிடத் திருடனுக்கு என்ன வேண்டும்? கடைசியில் ஜெர்மன்காரன் போலந்துக்குள் புகுந்தான், உலகமே பற்றிக்கொண்டது.

கனடா போரில் இறங்கின அன்று சர்ச்சின் அடித்தள அறையில் கூட்டம். ஊர் முழுக்க இருந்தது. தோர்கில் எழுந்து, “சண்டை முடியுற வரைக்கும் என் கால் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் படாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். எங்களுக்கு மாவு அரைக்கிற மில் அந்தப் பக்கம்தான் இருந்தது. அன்றிலிருந்து பன்னிரண்டு மைல் சுற்றி வேறு மில்லுக்குப் போனோம். சொன்ன வார்த்தை என்றால் சொன்ன வார்த்தை, அவன் அப்படிப்பட்ட ஆள்.

அதே மாதம் அவன் தம்பி அஸ்லாக்கிடமிருந்து கடிதம் வந்தது. தோர்கில் நார்வேயிலிருந்து இங்கே வந்தபோது அஸ்லாக் அங்கேயே தங்கிவிட்டவன், மேற்குக் கரையில் மீன்படகு வைத்திருந்தான். படகை விற்றுவிட்டு உங்களோடு வந்துவிடட்டுமா, ஐரோப்பாவின் நாற்றம் சரியாக இல்லை என்று கேட்டிருந்தான். தோர்கில் மேசையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பதில் எழுதினான். வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இரு, நார்வே நடுநிலை நாடு, யாரையும் தொடாதவனை யாரும் தொட மாட்டார்கள் என்று. சரி அண்ணா என்று அஸ்லாக் பதில் போட்டான். நடுநிலைப் படகு என்று எல்லோருக்கும் தெரிய இரண்டு பக்கமும் நார்வேக் கொடியைப் பெரிதாக வரைந்திருக்கிறேன், நீயும் எதையாவது வரைந்து வை என்று எழுதியிருந்தான்.

இவனும் வரைந்தான். கொட்டகைக் கூரை முழுக்க அமெரிக்கக் கொடி. நாற்பத்தெட்டு நட்சத்திரத்துக்கு இடம் போதாமல் முப்பத்தொன்றோடு நிறுத்தினான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று ஏணிக்குக் கீழே நின்று கேட்டேன். “பெயின்ட் டப்பாவை மேல குடு” என்றான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலையில் வானொலி நார்வே என்றது. ஜெர்மன் கப்பல்கள், ஜெர்மன் விமானங்கள், துறைமுகம் துறைமுகமாகப் பெயர் சொன்னார்கள். அஸ்லாக்கின் துறைமுகமும் அதில் இருந்தது. தோர்கில் வாளியை எடுத்துக்கொண்டு பால் கறக்கப் போனான். அன்று அவன் படத்துப் பக்கம் போகவில்லை. நூல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அஸ்லாக்கின் கடிதம் வந்தது. முத்திரையில் மார்ச் மாதத் தேதி, அதாவது ஜெர்மன்காரன் வருவதற்கு முன்னால் போட்டது. தோர்கில் அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மூன்று நாள் அப்படியே சுமந்துகொண்டு திரிந்தான். நானும் கேட்கவில்லை. நான் கேட்காமல் இருந்த மூன்று நாள் என் வாழ்க்கையிலேயே அதுதான்.

நான்காம் நாள் முழங்கால் வரை சேற்றோடு ஹால்வர் வந்து வாசலில் நின்றான். பனி உருகினால் எங்கள் மண் பசை மாதிரி ஆகிவிடும், பூட்ஸைக் காலோடு விழுங்கும்.

“தோர்கில், குதிரை வேணும்.”

“என்ன சிக்கிச்சு?”

“டிராக்டர்.”

“டிராக்டர்தானே? கூட்டிட்டுப் போ.”

“டிராக்டருக்குப் பின்னாடி ஒரு சின்ன சாமான் கட்டியிருக்கு.”

“எவ்வளவு சின்னது?”

ஹால்வர் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். “ரெண்டு றெக்கை” என்றான்.

எங்கள் பக்கத்தில் எட்டு வீடு சேர்ந்துதான் கோதுமை அடிப்போம். அந்த எட்டு வீட்டுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாருடைய வண்டி சேற்றில் சிக்கினாலும், குதிரை கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்ன வீட்டுக்கு அடுத்த அறுவடையில் ஒருவரும் வர மாட்டார்கள். இது தோர்கிலுக்கும் தெரியும், ஹால்வருக்கும் தெரியும்.

கடைசியில் தோர்கில் சொன்னான். “குதிரை என்னுது இல்லை. அவ அப்பா குடுத்தது. அவளைக் கேளு. ஆனா நான் கோட்டைத் தாண்ட மாட்டேன். சர்ச்சுல சொன்னது சொன்னதுதான்.”

“உன்னை யாரு கூப்பிட்டா?” என்றேன். “குதிரை வந்தா போதும்.”

அப்படித்தான் நினைத்தேன்.

பாம்ஸ, ப்ரூனா என்று இரண்டு பெரிய சாம்பல் குதிரைகள். ஒவ்வொன்றும் ஒரு டன் எடை. அந்தக் கால்களுக்கு முன்னால் எந்தச் சேறும் நிற்காது. முதலில் டிராக்டரைப் பிடுங்கினோம். பிறகு விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு, சங்கிலியை மாட்டி, நான் கடிவாளத்தைப் பிடித்தேன். மஞ்சள் நிறத்தில் பளபளவென்று, வயிறு வரைக்கும் சேறு அப்பிக்கொண்டு நின்றது அந்த விமானம். ஊர் முழுக்கப் பார்க்க வந்திருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கனடா விமானப் படைக்காரர்கள் நான்கு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சாயங்காலம் பெரிய மழை என்று வானொலி சொல்லியிருந்தது. மழை வந்தால் விமானம் அங்கேயே புதைந்துவிடும்.

“போ பாம்ஸ! போடி ப்ரூனா!” என்றேன். போயின. பலகை முனகியது, சங்கிலி விறைத்தது, விமானம் தள்ளாடித் தள்ளாடி நகர்ந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். நான் ராணி மாதிரி நடந்து வந்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

வாய்க்காலின் மேல் தடித்த மரங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் க்ரோகன் தொப்பியோடு நின்றார். இன்ஜின் அணைந்திருக்கிறதா, உள்ளே நம் ஆள் யாரும் இல்லையே என்று பார்ப்பது அவர் வேலை. குதிரைகள் அவரைப் பார்த்தன. பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டன.

தட்டினேன். அசையவில்லை. கெஞ்சினேன். காதை மட்டும் ஆட்டின.

“என்னைப் பாத்தா நிக்கும்மா,” என்றார் க்ரோகன். “பதினோரு வருஷப் பழக்கம். சர்க்கரை குடுப்பேன்.”

“அப்ப குடுங்க!”

“நான் நடுநிலை நாட்டு அதிகாரி. இப்ப குடுத்தா போருக்கு உதவி பண்ணினதா ஆகுமோ என்னவோ.”

“அதைக் குதிரை போய் வாஷிங்டன்ல சொல்லுமா? குடுங்கய்யா!”

ஹால்வர் தன் பையிலிருந்து இரண்டு சர்க்கரைக் கட்டியை எடுத்துக் கொடுத்தான். எங்கள் நார்வே ஆட்களின் பையில் அது எப்போதும் இருக்கும், பல்லிடுக்கில் வைத்துக்கொண்டுதான் காபியே குடிப்பார்கள். க்ரோகன் ஆளுக்கு ஒன்று ஊட்டினார். குதிரைகள் மென்று தின்றன. தின்றுவிட்டு மறுபடி நின்றன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தைக்கும் சர்ச்சுக்கும் இந்தக் குதிரைகளை நான் ஓட்டுவேன். மில்லுக்கு மட்டும் எப்போதும் தோர்கில்தான். சாவடியில் இறங்குவான், க்ரோகனோடு இரண்டு வார்த்தை பேசுவான், பிறகு அந்தப் பக்கத்துத் தடுப்புக் கட்டையைத் திறக்க முன்னால் நடந்து போவான். குதிரைகள் அவன் பின்னாலேயே போகும். பதினோரு வருஷத்தில் அவன் முதுகு முன்னால் போகாமல் அவை ஒரு தடவைகூடக் கோட்டைத் தாண்டியதில்லை.

தோர்கில் வேலி ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வர மாட்டேன் என்றவன் வந்திருந்தான். கடிவாளத்தை ஹால்வரிடம் கொடுத்துவிட்டு, நேராகப் போய் அவன் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கி என் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவனைப் போலவே தோளைச் சாய்த்துக்கொண்டு கோட்டைத் தாண்டி நடந்தேன். ஊரே சிரித்தது. கனடாக்காரர்களும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் பாம்ஸ என்னைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பி வேலிப் பக்கம் தோர்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பாத்தியா?” என்றான் தோர்கில், எல்லோருக்கும் கேட்கும்படி. “எங்க நிக்கணும்னு குதிரைக்குத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல.”

எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பி வந்து அவன் முன்னால் நின்றேன்.

“குதிரைக்குக் கோடும் தெரியாது, சட்டமும் தெரியாது. நின்னா சர்க்கரை கிடைக்கும்னு தெரியும், அதான் நிக்குது. நீயும் அப்படித்தான். அசையாம நின்னா ஒண்ணும் ஆகாதுன்னு பத்து வருஷமா நின்னுட்டிருக்க.”

“சிக்னே, வீட்டுல பேசிக்கலாம்.”

“பையில இருக்கிற கடுதாசியைப் பிரி.”

“இங்கேயா?”

“ஆமா, இங்கேதான். பிரிச்சா அதுல என்ன இருக்கும்னு உனக்குத் தெரியும். அதான் மூணு நாளா பயந்துட்டுத் திரியற.”

ஊர் சிரிப்பதை நிறுத்தியது. ஹால்வர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். தோர்கில் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். பெரிய விரல்கள், உறை கிழிந்தது. உதடு அசைய அசைய மெதுவாகப் படித்தான். முடித்ததும் என்னிடம் நீட்டினான். அஸ்லாக்கின் கையெழுத்து எப்போதும் போல வலப்பக்கம் சாய்ந்து ஓடியது.

‘அண்ணா, இந்த வருஷம் மீன் நல்லா விழுது. நீ சொன்னது சரிதான், நாம யாரையும் தொடலை, நம்மளை எவன் தொடப் போறான்? படகுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சேன். இந்தத் தடவை மேல்தளத்துலயும் கொடி போட்டுட்டேன், ஆகாயத்துல வர்றவனுக்கும் தெரியணுமில்ல? உன் கூரை எப்படி இருக்கு? கவலைப்படாம தூங்கு.’

“இது அவன் எழுதுனது இல்லை,” என்றான் தோர்கில். “நான் அவனுக்கு எழுதுனது. வர்றேன்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். என் வார்த்தையையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கான்.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவன் எங்கள் கொட்டகையைப் பார்த்தான். அங்கிருந்து கூரைக் கொடி நன்றாகவே தெரிந்தது, முப்பத்தொரு நட்சத்திரமும். பிறகு கையை நீட்டி என் தலையிலிருந்து தன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். சேற்றில் சளக் சளக்கென்று நடந்து போய், க்ரோகனுக்கு வழக்கம் போலத் தலையசைத்தான். மரத்தின் மேல் ஏறினான். ஒரு கணம் நின்றான். சர்ச் கூட்டத்தில் கை தட்டின அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். திரும்பிப் பார்க்காமல் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான்.

குதிரைகள் போயின. நான் கடிவாளத்தைத் தொடக்கூட இல்லை. சங்கிலி இழுபட்டது, மரங்கள் கிறீச்சிட்டன, விமானம் மூக்கு, றெக்கை, வால் என்று முழுசாகக் கனடாவுக்குள் உருண்டது. முன்னால் அவன் முதுகு, பின்னால் என் குதிரைகள். நான் அழுதேன். கல்யாணத்தன்றுகூட அவனைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

கனடாக்காரன் ஒருவன் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினான். அந்தப் பக்கத்து மேட்டு நிலத்தில் ஓடி, எழும்பி, எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான். தோர்கில் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். கம்பத்தருகே க்ரோகன் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்.

“கனடாவிலேருந்து என்ன கொண்டு வர்றே?”

தோர்கில் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

“சேறு” என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் அடித்தள அறையில் அவனாகவே எழுந்து நின்றான். “என் கால் பட்டுடுச்சு. இனிமேலும் படும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹால்வர் மட்டும் எழுந்து போய் அவனுக்குக் காபி ஊற்றினான். மண் காய்வதற்குள் இன்னும் பதினோரு விமானம் வந்தது. பதினொன்றுக்கும் முன்னால் நடந்தது தோர்கில்தான்.

அஸ்லாக்கைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கோதுமை விளைந்தது, அடித்தோம், எட்டு வீடும் வந்தது. தினமும் தபால் பெட்டிக்கு அவனே போனான், நான் போகிறேன் என்றாலும் விட மாட்டான். அக்டோபரில் செஞ்சிலுவைச் சங்கம் மூலமாக ஒரு அட்டை வந்தது. இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் எழுதவிட மாட்டார்களாம், எழுதியதையும் ஜெர்மன்காரன் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவானாம். அஸ்லாக் எழுதியிருந்தான்:

‘உயிரோடு இருக்கிறேன். கால் கொஞ்சம் நொண்டுகிறது. படகு போய்விட்டது. மேலிருந்து கொடி நன்றாகவே தெரிந்திருக்கிறது. பெயின்ட் நல்ல பெயின்ட். உன் கூரை எப்படி இருக்கிறது?’

தோர்கில் முதலில் சிரித்தான். அஸ்லாக்கின் குசும்பு அது, சாகிற நேரத்திலும் போகாது. பிறகு அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தான். உயிரோடு இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதியத்துக்குள் தார் வாளியோடு கூரை மேல் ஏறிவிட்டான். நான் ஏணியைப் பிடித்தேன். முப்பத்தொரு நட்சத்திரத்தையும் தானே அழித்தான், ஒன்றைக்கூட விடவில்லை. இறங்கி வந்தபோது கை, முகம், மீசை எல்லாம் கறுப்பு.

அந்தக் கையோடேயே பதில் எழுத உட்கார்ந்தான். எங்களுக்கும் இருபத்தைந்து வார்த்தைதான். போன வருஷம் மூன்று பக்கத்துக்கு வேண்டாம் என்று எழுதின அதே மேசை. இந்தத் தடவை ஒரே ஒரு வார்த்தை எழுதினான்.

“வா.”

“மீதி இருபத்துநாலையும் எழுதேன்டா, வீணாப் போகுது” என்றேன்.

“இது போதும்” என்றான்.

அந்த அட்டை அஸ்லாக்குக்குப் போய்ச் சேர ஏழு மாதம் ஆனது. அஸ்லாக் இங்கே வந்து சேர ஆறு வருஷம் ஆனது. ஆனால் வந்து சேர்ந்தான்.